மாத்திரை விழுங்குவதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்ச் 24 உலகக் காசநோய் நாள் வந்தால் பதாகை கட்டுகிறோம், ஒரு சொற்பொழிவு, வந்தவர்களுக்கு நாசி லெமாக் பொட்டலம், அத்தோடு அடுத்த மார்ச் வரை யாருக்கும் அந்த நினைப்பே இருக்காது. மலேசியாவில் அண்மை ஆண்டுகளில் இந்த நோய் கண்டவர்கள் ஆண்டுக்கு 25,000 பேரைத் தாண்டுகிறார்கள். மருந்தும் இருக்கிறது, அரசு கிளினிக்கில் மலேசியருக்கு இலவசமாகவே கிடைக்கிறது. முதல் 2 மாதம் நான்கு மருந்து, அப்புறம் 4 மாதம் இரண்டு மருந்து, ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். சிக்கலே அந்த 'ஒழுங்காக'வில்தான்.

ஒவ்வொரு வேளை மருந்தையும் ஒருவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும் என்பது முறை. டாட்ஸ் என்பார்கள். சரி, யார் கண்ணெதிரே? செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் லாரியில் வேலைக்குப் போகும் தம்பி ஒருவர் இருக்கிறார். லாரி காலை ஆறு மணிக்குக் கிளம்பும், கிளினிக் திறப்பது எட்டுக்கு. அரசு ஊழியருக்குக் காசநோய்க்கென்றே சம்பளத்தோடு தனி விடுப்பு உண்டு, நாட்சம்பளக்காரருக்கு ஒரு காலை போனால் அன்றைய கூலியே போச்சு. இரண்டாம் மாதம் இருமல் நின்று உடம்பும் கொஞ்சம் தேறியதும் தம்பி மருந்தை விட்டுவிட்டார். அப்புறம் என்ன, திரும்பவும் காய்ச்சல், திரும்பவும் சளிப் பரிசோதனை, முதலிலிருந்து எல்லாம். இப்படி அரைகுறையாக நிறுத்தினால் மிஞ்சிய கிருமி மருந்துக்கே அடங்காததாக மாறிவிடலாம், அதற்கான சிகிச்சை இன்னும் கடுமையானது.

வீட்டில் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்பீர்கள். பார்ப்பார்கள், ஆனால் "இன்னிக்கு வயிறு சரியில்லை, விடு" என்று முதலில் இரக்கப்படுவதும் வீட்டுக்காரர்கள்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது: மருந்தை மருத்துவ நிலையத்தில் வைத்துக் கொடுப்பதைவிட வீட்டிலோ குடியிருப்பிலோ கொடுப்பது மேல், குடும்பத்தாரைவிடப் பயிற்சி பெற்ற வெளியாள் மேல். கைப்பேசியில் வீடியோ எடுத்து அனுப்பலாம் என்றும் இருக்கிறது, இளைஞர்களுக்குச் சரி, எங்கள் பாட்டிகளுக்கு நடக்காது.

அந்த வெளியாள் நம்மிடம் இல்லையா? விடியற்காலையிலேயே கடை திறக்கும் மளிகைக்கடை அண்ணன் இருக்கிறார், ஓய்வு பெற்ற தாதியர் இருக்கிறார்கள், ருக்குன் தெத்தாங்கா என்ற குடியிருப்புக் காவல் குழுவில் இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் மருத்துவம் படிக்க வேண்டியதில்லை. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், பயந்து நிறுத்த வேண்டாம். கண் மஞ்சளானால், பார்வை மங்கினால், ஓயாமல் வாந்தி வந்தால் அன்றைக்கே கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். இதெல்லாம் ஒரு பிற்பகலில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்தான் பலரைத் தள்ளி நிறுத்துகிறது. இன்னமும் நோயாளிக்குத் தனித்தட்டு, தனிக்கோப்பை வைக்கும் வீடுகள் இருக்கின்றன, இது காற்றில் பரவும் நோய், தட்டில் இல்லை. 1950களிலேயே சென்னை சேத்துப்பட்டில் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பாதிப் பேரைச் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் தனி மருத்துவமனையில், வைத்தார்கள், மீதிப் பேருக்கு நெரிசலான ஏழை வீடுகளிலேயே மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், அவர்களோடு வாழ்ந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகமே சானடோரியங்களை மூடத் தொடங்கியதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்குண்டு. நாமோ இன்னும் தட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்!

கோவில்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. இந்தியாவின் ஜார்க்கண்டில் நோயாளி வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள், அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது என்று 2023இல் வெளியானது. வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் மிஞ்சுவதைச் சொல்லவில்லை, மாதம் ஒரு மூட்டை அரிசியும் கொஞ்சம் பருப்பும் முட்டையும் ஒரு வீட்டுக்குப் போகட்டும். ஆனால் ஒன்று, பெயரை மைக்கில் அறிவித்துப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துப் போடுவதாக இருந்தால் தயவுசெய்து கொடுக்கவே வேண்டாம். நோயாளி சம்மதிக்காமல் அவர் பெயர் கோவில் நிர்வாகத்தின் வாட்சாப் குழுவுக்குக்கூடப் போகக் கூடாது. வேலை போய்விடும், பிள்ளைக்கு வரும் வரன் நின்றுபோகும், அப்புறம் யார் சளிப் பரிசோதனைக்கு வருவார்கள்?

சுகாதார அதிகாரிகள் யாராவது இதை வாசித்தால், செந்தூல் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடிக்கு இரண்டு பேர் என்று எடுத்துப் பயிற்சி கொடுங்கள், அவர்களைத் தாதியின் மேற்பார்வையில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எங்கள் குடியிருப்பு மண்டபம் காலியாகத்தான் இருக்கிறது, சாவியை நானே வாங்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்