ஓடும் காரிலிருந்து கழன்று பறந்த விண்ட் டிஃப்ளெக்டர் குறித்த புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர் (ஆர்டர் விவரம் இணைப்பில் உள்ளது)

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஸ்போர்ட்ஸ் கார் ஜன்னலுக்கான விண்ட் டிஃப்ளெக்டரின் வடிவமைப்புக் குறை, பணத்தைத் திருப்பித் தரவும், இதை வாங்கிய மற்றவர்களுக்குத் தெரியப்படுத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என்னுடைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காருக்காக உங்களிடம் ஒரு ஜோடி விண்ட் டிஃப்ளெக்டர் (ஜன்னலின் முன் மூலையில், மிரர் பக்கம் டேப்பால் ஒட்டும் காற்றுத் தடுப்பு) வாங்கினேன். மாட்டிய 19ஆவது நாள், மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது ஓட்டுநர் பக்கத்து டிஃப்ளெக்டர் கழன்று பறந்துவிட்டது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு இளைஞரின் ஹெல்மெட்டில் பட்டுக் கீழே விழுந்தது. ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியை அவர் இறக்கிவிட்டிருந்தார். அதனால் ஒன்றும் ஆகவில்லை. அவரே அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து, நான் வண்டியை ஓரங்கட்டிய இடத்தில் என்னிடம் நீட்டினார். "அண்ணா, இது உங்க வண்டியிலிருந்துதான் வந்துச்சு" என்றார். கோபப்படவில்லை. எனக்குத்தான் கை நடுங்கியது.

இதைப் பற்றி உங்களுக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன். ஒட்டும் இடத்தைச் சரியாகச் சுத்தம் செய்திருக்க மாட்டீர்கள் என்று முதல் பதில் வந்தது. டேப் மட்டும் புதிதாக அனுப்புகிறோம், மறுபடி ஒட்டிக்கொள்ளுங்கள் என்று இரண்டாவது பதில் வந்தது. இரண்டுமே காரணத்தைத் தொடவில்லை. அதனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன். உங்கள் வடிவமைப்புப் பிரிவில் உள்ளவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இதை நான் அழகுக்காக வாங்கவில்லை. என் காரில் ஒரு ஜன்னலை மட்டும் இறக்கிவிட்டு 70 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் போதும், உள்ளே 'தப் தப் தப்' என்று காற்று அடிக்க ஆரம்பிக்கும். காதுக்குள் யாரோ விரலை வைத்து அழுத்தி அழுத்தி எடுப்பது போல இருக்கும். என் மனைவிக்கு ஏற்கெனவே காதில் தொந்தரவு உண்டு. பத்து நிமிடத்துக்கு மேல் அவரால் தாங்க முடியாது. ஜன்னலை ஏற்றிவிட்டு ஏசி போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். காற்று வாங்கிக்கொண்டு ஓட்டுவதில் எங்கள் இருவருக்குமே ஆசை அதிகம். அதற்காகவே இந்தக் காரை வாங்கினோம்.

காலிப் பாட்டிலின் வாய்க்குக் குறுக்கே ஊதினால் 'பூம்' என்று சத்தம் வரும் அல்லவா, காருக்குள் நடப்பதும் அதேதான். முன் கண்ணாடியின் ஓரத்துத் தூணையும் பக்கவாட்டு மிரரையும் கடந்து வரும் காற்று, திறந்த ஜன்னலின் முன் விளிம்பில் சுழல் சுழலாகப் பிரிகிறது. அந்தச் சுழல்கள் ஜன்னலின் பின் விளிம்பில் வந்து மோதுகின்றன. ஒவ்வொரு மோதலுக்கும் உள்ளே இருக்கும் காற்று ஒருமுறை அமுங்கி விரிகிறது. சுழல்கள் வரும் வேகமும் உள்ளிருக்கும் காற்று இயல்பாக அதிரும் வேகமும் ஒத்துப்போகும்போது அடி பலமாகிறது. நொடிக்கு 20 தடவைக்கும் குறைவான அதிர்வு என்பதால் அது சத்தமாகக் கேட்பதைவிட அழுத்தமாகத்தான் தெரியும். நான்கு கதவு வண்டியாக இருந்தால் பின் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி இதை அடக்கிவிடலாம். இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டியில் பின் ஜன்னல் ஏது? மிரர் பக்கம் சின்னதாக ஒரு தடுப்பு வைத்து, காற்றைக் கொஞ்சம் வெளியே தள்ளி, பெரிய சுழல்களை உடைப்பதுதான் சரியான வழி. உங்கள் டிஃப்ளெக்டரும் அந்த நோக்கத்தில் செய்ததுதான். அதனால்தான் வாங்கினேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், வேலை செய்தது. முதல் நாள் அதே சாலையில், அதே வேகத்தில் போனபோது அந்த அடி கிட்டத்தட்ட நின்றே போயிருந்தது. மனைவி காதிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பதினெட்டு நாளும் எங்கள் இருவருக்கும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். மோசமான பொருள் என்று நான் எழுதவில்லை. நல்ல யோசனையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

சரி, இப்போது சுத்தம் செய்யவில்லை என்ற பேச்சுக்கு வருகிறேன். பெட்டியில் நீங்களே வைத்திருந்த ஆல்கஹால் துணியால் இரண்டு முறை துடைத்தேன், முழுதாக உலர விட்டேன். அன்று 27 டிகிரி வெப்பம். டேப்பின் ஒவ்வொரு பகுதியையும் கட்டை விரலால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்று உங்கள் குறிப்புத்தாளில் இருந்தாலும், ஒரு ராத்திரி முழுக்க வண்டியை எடுக்கவில்லை. இந்த மாதிரி அக்ரிலிக் ஃபோம் டேப் (இரு பக்கமும் ஒட்டும் பஞ்சு போன்ற டேப்), சாதாரண வெப்பத்தில் முழுப் பிடிமானம் பெற 72 மணி நேரம் ஆகும். முதல் 20 நிமிடத்தில் ஏறக்குறைய பாதி பலம்தான் வந்திருக்கும். குறிப்புத்தாளில் இதை எழுதியிருந்தால் மூன்று நாளும் காத்திருப்பேன். ஆனால் 19ஆவது நாள் கழன்றதற்கு அது காரணம் இல்லை.

அந்த இளைஞர் கொண்டுவந்து கொடுத்ததைச் சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஃபோம் கிழியவே இல்லை. டேப் முழுசாக டிஃப்ளெக்டரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கார் பக்கம் ஒரு துளி பிசின்கூட மிச்சமில்லை. டேப்பின் முகத்தில் ஊசியால் குத்தி எடுத்தது போல் புள்ளி புள்ளியாகத் தடம். மிரர் பொருந்தியிருக்கும் அந்த முக்கோணக் கறுப்பு பிளாஸ்டிக் வழவழப்பானது அல்ல, சொரசொரப்பானது. டேப் அந்த மேடுகளின் உச்சியை மட்டும்தான் பிடித்திருக்கிறது, பள்ளங்களுக்குள் இறங்கவே இல்லை. சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒட்டுவதென்றால் முதலில் பிரைமர், அதாவது டேப் நன்றாகப் பிடிக்க உதவும் அடிப்பூச்சு, பூச வேண்டும். உங்கள் பெட்டியில் பிரைமரும் இல்லை, அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அப்படியானால் மறுபக்கத்து டிஃப்ளெக்டர் ஏன் விழவில்லை என்று எனக்கும் கேள்வி வந்தது. அதைத் தேடிப்போனபோதுதான் உண்மையான குறை கண்ணில் பட்டது.

என் காரின் கதவுகளில் ஜன்னல் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. இந்த வகை ஸ்போர்ட்ஸ் கார் பலவற்றில் அப்படித்தான். கதவின் கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி தானாகவே கொஞ்சம் கீழே இறங்கும், கதவைச் சாத்தியதும் மேலேறி ரப்பர் சீலில் உட்காரும். மேலே போகும்போது உட்பக்கமாகச் சாய்ந்து அழுந்தும், இறங்கும்போது அந்தச் சாய்வு விடுபட்டு மயிரிழை அளவு வெளியே வரும். உங்கள் டிஃப்ளெக்டரின் பின் உதடு, அதாவது அதன் பின் விளிம்பு, சரியாக அந்த இடத்தில்தான் கண்ணாடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது.

இதைச் சோதிக்க எனக்கு ஒரு தாள்தான் தேவைப்பட்டது. மறுபக்கக் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு, டிஃப்ளெக்டரின் உதட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சாதாரண அச்சுத் தாள் இரண்டைச் சேர்த்துச் செருகினேன். தாராளமாகப் போனது. பிறகு கைப்பிடியை இழுத்துக் கண்ணாடி இறங்கியதும் அதே இடத்தில் ஒற்றைத் தாளைச் செருகிப் பார்த்தேன். நுழையவில்லை. அதாவது, ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் கண்ணாடி டிஃப்ளெக்டரை உள்ளிருந்து நெம்புகிறது. ஓட்டுநர் பக்கக் கதவு ஒரு நாளைக்கு இருபது தடவையாவது திறக்கும். மறுபக்கம் இரண்டு நாளைக்கு ஒரு தடவை திறந்தால் அதிகம். கழன்றது ஓட்டுநர் பக்கம்தான் என்பதில் இனி ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தப் பக்கக் கண்ணாடியின் முன் மூலையில் தலைமுடி அளவில் ஒரு வளைந்த கீறலும் விழுந்திருக்கிறது. கீழே விழுந்த டிஃப்ளெக்டரின் உதட்டில் அதே வளைவில் பளபளவென்று தேய்ந்த தடம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம் இணைப்பில் உள்ளது.

இப்படி நெம்பி நெம்பி டேப் ஒரு ஓரத்தில் நூல் அளவு தூக்கிக்கொண்டாலே போதும், மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 45 கி.மீ. வேகத்தில் இருப்பதைப்போல் 90இல் நான்கு மடங்கு. ஊருக்குள் ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியாது, நெடுஞ்சாலையில்தான் கழன்று வரும். இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பின்னால் அதிக வேகத்தில் யாராவது வந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் இது பறக்கப்போகிறது.

மறுபக்கத்து டிஃப்ளெக்டரையும் நானே கழற்றிவிட்டேன். ஹேர் டிரையரால் சூடு காட்டி, தூண்டில் நரம்பால் ஃபோமை அறுத்து எடுத்தேன். கழற்றும் முன் ஒரு காரியம் செய்தேன். இரண்டு பக்கமும் ஜன்னலின் பின் விளிம்பில் விரல் நீளக் கம்பளி நூல்களை வரிசையாக ஒட்டி, ஒரு நேரத்துக்கு ஒரு ஜன்னலை மட்டும் திறந்து ஓட்டினோம். மனைவி நூல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். டிஃப்ளெக்டர் இல்லாத பக்கம் நூல்கள் உள்ளேயும் வெளியேயும் அடித்துக்கொண்டு ஒரு நிலையில் நிற்கவில்லை. இருந்த பக்கம் பின்னோக்கிப் படிந்தே கிடந்தன. உங்கள் பொருளின் வளைவு சரியானது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. அந்த வளைவை எங்கே நிறுத்துகிறீர்கள், எதன்மேல் ஒட்டச் சொல்கிறீர்கள் என்பதில்தான் தப்பு.

ஆகவே எனக்கு மாற்று டேப் வேண்டாம். பொருளின் முழு விலையையும் திருப்பித் தாருங்கள். கண்ணாடிக் கீறலை உங்கள் ஆட்களை வைத்து நேரில் பார்த்து ஒரு பதில் சொல்லுங்கள். சட்டமில்லாத கதவு உள்ள கார்களுக்கும் பொருந்தும் என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருப்பதை, உதட்டின் நீளத்தைக் குறைத்துச் சோதித்து முடிக்கும் வரை எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட அவசரமானது இது: இதே டிஃப்ளெக்டரை வாங்கியவர்களின் விவரம் உங்களிடம் இருக்கிறது. கைப்பிடியை இழுத்துக் கண்ணாடி இறங்கிய நிலையில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள், நுழையவில்லை என்றால் உடனே கழற்றிவிடுங்கள் என்று அவர்களுக்கு இந்த வாரத்துக்குள் ஒரு செய்தி அனுப்புங்கள். என் பணம் பத்து நாள் தாமதமானாலும் பொறுத்துக்கொள்வேன். அந்தச் செய்தி தாமதமாகக் கூடாது.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். டிஃப்ளெக்டர் இரண்டையும், டேப்பில் இருக்கும் தடம் கலையாமல், ஒரு அட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். உங்கள் வடிவமைப்புப் பிரிவுக்குத் தேவை என்றால் முகவரி சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன். உதட்டைக் குறைத்துப் புதிதாகச் செய்தால் என் காரிலேயே மாட்டிச் சோதித்துப் பார்க்கலாம், அதற்கும் சம்மதம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஆர்டர் ரசீது, படங்கள் 6, உங்களிடமிருந்து வந்த இரண்டு பதில்களின் நகல்