சினை மீனை விட்டுவிடுங்கள்: ஜப்பான் மீன்வள முகமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஜப்பான் மீன்வள முகமை அதிகாரிகளுக்கும், மேற்கு-மத்திய பசிபிக் மீன்வள ஆணையத்தின் வடக்குக் குழுவில் அமரும் எல்லா நாட்டுப் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம். டோக்கியோவில் நிஷி-கசாய் பகுதியில் குடியிருக்கிறேன். பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி. மீன் ஏலச் சத்தம் கேட்டு வளர்ந்தவனுக்குச் சூரை புதிதில்லை. ஆனால் நீங்கள் குரோமகுரோ என்று சொல்லும் நீலத்துடுப்புச் சூரையை இங்கே வந்துதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

தொயோசு சந்தையில் ஏலத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கக் குலுக்கலில் இடம் கிடைத்தது. விடிகாலை ஐந்தரை மணி, குளிர். வால் அறுத்த மீன்கள் தரையில் வரிசையாகக் கிடந்தன. வியாபாரிகளின் ஒரு கையில் டார்ச், மற்றொரு கையில் கொக்கி. வாலறுத்த இடத்தில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். துளி சதையைப் பிய்த்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தார்கள். கொழுப்பு எவ்வளவு என்பது விரலுக்கே தெரிந்துவிடுகிறது. எங்கள் ஊரில் செவுளைத் தூக்கிப் பார்த்து மீனின் வயதையே சொல்லுகிற ஆச்சிகளை நினைத்துக்கொண்டேன். மணி அடித்தது. நான் எண்ணி முடிப்பதற்குள் பாதி மீன் விற்றுப்போனது.

இந்த மீனை இவ்வளவு மதிக்கும் ஊரிடம்தான் இதைக் கேட்க முடியும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். 2016-இல் விஞ்ஞானிகள் கொடுத்த கணக்குப்படி, பசிபிக் கடலில் இந்த மீனின் தாய்மீன் இருப்பு, யாருமே பிடிக்காமல் விட்டிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவில் வெறும் 2.6 விழுக்காடு. அதற்கு முந்தைய ஆண்டே 30 கிலோவுக்குக் குறைந்த மீன்களின் பிடிப்பை, 2002 முதல் 2004 வரையிலான சராசரியில் பாதியாகக் குறைத்திருந்தீர்கள். அது லேசான காரியம் இல்லை. எத்தனையோ துறைமுகங்களில் வலையில் விழுந்த மீனைத் திரும்பக் கடலில் விட வேண்டிவந்தது. 2017 இலையுதிர் காலத்தில் தெற்கு ஹொக்கைடோவில், கரையோரம் நிலையாகக் கட்டிய வலைகளில் அளவுக்கு மீறிச் சின்ன மீன் ஏறிவிட்டது. அந்த மீனவர்கள் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் பிடிப்பு அளவு வெட்டப்பட்டுத் தண்டனை அனுபவித்தார்கள். அப்படி வயிற்றைக் கட்டியதால்தான், 2034-க்குள் 20 விழுக்காடு என்று வைத்த இலக்கை 2021-லேயே தொட முடிந்தது. 2024 மதிப்பீட்டில் 23.2 விழுக்காடு. கடலில் ஒரு பெரிய மீன் இப்படித் திரும்பி வருவது அபூர்வம்.

சரி, அந்த மீனை இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் என் கவலை. 2024 இறுதியில் மீன்பிடி ஒதுக்கீட்டை உயர்த்தினீர்கள். ஜப்பானுக்குப் பெரிய மீன் (30 கிலோவும் அதற்கு மேலும்) 5,614 டன்னிலிருந்து 8,421 டன்னாகவும், சின்ன மீன் 4,007 டன்னிலிருந்து 4,407 டன்னாகவும் கூடியது. மீன் பெருகியிருக்கிறது, மீனவனும் பிழைக்க வேண்டும், கூட்டுவதை நான் குறை சொல்லவில்லை. எந்த மீனை, எப்போது, எந்த வலையால் பிடிப்பது என்பதில்தான் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

பசிபிக்கின் நீலத்துடுப்புச் சூரை முட்டையிட வந்து கூடும் இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒகினாவாவைச் சுற்றித் தைவான், பிலிப்பைன்ஸ் பக்கம் நீளும் கடல் ஒன்று, ஜப்பான் கடல் மற்றொன்று. கோடையில் ஜப்பான் கடலில் இவை திரளாகக் கூடும்போது, மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி அள்ளும் சுருக்குமடிக் கப்பல்கள் அங்கே காத்திருக்கின்றன. ஜூன், ஜூலையில் டொட்டோரி மாவட்டத்தின் சகாய்மினாட்டோ துறைமுகத்தில் அந்த மீன் மொத்தமாக வந்து இறங்குகிறது. 2011 முதல் அந்தப் பிடிப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் உச்சவரம்பு வேறு, சினைக்காலத்தில் தொடாமல் விடுவது வேறு.

சினைக்காலத்தில் இந்த மீனின் உடம்பில் கொழுப்பு வற்றியிருக்கும். இதன் உடம்பு மற்ற மீன்களைப் போலவும் இல்லை. தசையில் உண்டாகும் சூட்டைக் கடல்நீருக்குப் போகவிடாமல் இரத்தக் குழாய்களின் பின்னல் ஒன்று பிடித்துவைக்கிறது. அந்தச் சூடுதான் குளிர்ந்த கடலிலும் இதற்கு வேகம் கொடுக்கிறது. சுருக்குமடிக்குள் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்துத் துடிக்கும்போது அதே சூடுதான் சதையைக் கெடுக்கிறது. சதை வெளிறி, நொய்ந்து, புளிப்பேறிவிடும். உங்கள் வியாபாரிகள் ‘யாகே’, வெந்துபோனது, என்று ஒதுக்குவது அதைத்தான். தூண்டில்காரர் ஒரு மீனைப் பிடித்தால் அங்கேயே இரத்தத்தை வடித்து, நரம்பை அடக்கி, பனிக்கட்டியில் இறக்கிவிடுகிறார். ட்சுகரு நீரிணையில் கணவாய் தின்று கொழுத்து, குளிர்காலத்தில் ஓமா துறைமுகத்துக்கு வரும் மீனுக்குத்தான் பெயரும் விலையும். 2019 ஜனவரி 5-ஆம் தேதி, ஆண்டின் முதல் ஏலத்தில், ஓமாவிலிருந்து வந்த 278 கிலோ மீன் ஒன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனதே! அது விளம்பர விலை, சரி. ஆனால் சாதாரண நாளிலும் குளிர்கால மீனுக்கும் கோடைச் சினை மீனுக்கும் விலை ஒன்றா? முட்டையிட வந்த தாயை, அதன் சதை மோசமாக இருக்கும் வேளையில், மலிவான விலைக்கு ஏன் கொல்ல வேண்டும்?

தாய்மீன் எண்ணிக்கைக்கும் அந்த ஆண்டின் குஞ்சு வரவுக்கும் நேரடியான தொடர்பு தெரியவில்லை, கடலின் நிலைமைதான் தீர்மானிக்கிறது என்று உங்கள் தரப்பில் சொல்லிவந்திருக்கிறீர்கள். கடலின் நிலைமை முக்கியம்தான். ஆனால் தொடர்பு தெரியாதபோது எந்தப் பக்கம் சாய்வது? தாயை விட்டுவைக்கும் பக்கம்தானே?

நாகசாகி மாவட்டத்தின் இகி தீவில் கட்சுமோட்டோ என்றொரு துறைமுகம். அங்கே சூரைக்குத் தூண்டில் போட்டே பிழைக்கும் மீனவர்கள் இருக்கிறார்கள். கண்முன்னே மீன் குறைவதைப் பார்த்துவிட்டு, 2015 முதல் ஜூன், ஜூலையில் முட்டையிட வரும் மீனைப் பிடிப்பதில்லை என்று தாங்களாகவே முடிவெடுத்தார்கள். அரசாங்கம் சொல்லி அவர்கள் அதைச் செய்யவில்லை. ஒரு கோடையை முழுசாக விட்டுக்கொடுக்கும் தூண்டில்காரருக்கு அது எத்தனை நாள் அடுப்பு என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். அவர்கள் விட்டுவைத்த அதே மீன் அதே கோடையில் சகாய்மினாட்டோவில் வந்து இறங்கினால், அந்த மனிதர்களின் மனம் என்ன பாடுபடும்? 2018-இல் பெரிய மீனுக்கு முறைப்படி ஒதுக்கீடு வந்தபோதும், பாதிக்கும் மேல் சுருக்குமடிக் கப்பல்களுக்கே போனது. கரையோர மீனவர்கள் டோக்கியோவுக்கே வந்து முறையிட வேண்டியதாயிற்று.

எங்கள் ஊரிலும் சுருக்குமடி என்ற பேச்சை எடுத்தாலே சண்டைதான். தமிழ்நாட்டில் 2000-இல் அதற்குத் தடை போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், இன்றும் ஊருக்கும் ஊருக்கும் மனக்கசப்பு தீரவில்லை. எங்களுடையது பெரிய முன்மாதிரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் சொல்வேன். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. துறைமுகத்தில் படகுகள் நெருக்கமாகக் கட்டிக் கிடக்கும். வலை பின்னுவார்கள், எஞ்சினைப் பிரிப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள். நிவாரணத் தொகை போதாது என்ற குறை ஒவ்வொரு வருஷமும் உண்டு. ஆனாலும் சினைக்காலத்தில் பெரிய படகு நிற்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அத்தனை கஷ்டத்துக்கு நடுவே எங்களவர்களால் முடிகிறதென்றால், உங்கள் கப்பல்களால் முடியாதா?

அப்புறம், சின்ன மீன். போன மாதம் ஒரு ராத்திரி எட்டு மணிக்கு மேல் பக்கத்து சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் பகுதியில் வெள்ளைத் தட்டுகளில் வெளிர் ரோஜா நிறத்தில் மெல்லிய துண்டுகள். சீட்டில் ‘மெஜி’ என்று இருந்தது. மேற்கு ஜப்பானில் யொகோவா என்பார்களே, அதேதான். நீலத்துடுப்புச் சூரையின் குட்டி. மூன்று தட்டுகள் மிச்சம், மூன்றிலும் பாதி விலை ஸ்டிக்கர். கூட வந்த என் மகள் இது என்ன மீன் என்று கேட்டாள். தொயோசுவில் பார்த்தோமே, அதன் குழந்தை என்றேன். கொஞ்ச நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் வாங்கவில்லை.

இந்த இனத்தில் பிடிபடும் மீன்களைத் தலையெண்ணினால் மிகப் பெரும்பாலானவை முட்டையிடும் வயதுக்கு வராத குட்டிகள் என்று உங்கள் விஞ்ஞானிகளே பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். விட்டால் மூன்று வயதில் ஏறக்குறைய 30 கிலோவைத் தொடும். ஐந்து வயதுக்குள் எல்லாமே முட்டையிடும். ஆணையத்தின் விதியிலேயே ஒரு நல்ல கதவு இருக்கிறது: 1 டன் சின்ன மீன் ஒதுக்கீட்டை விட்டுக்கொடுத்தால், அதற்குப் பதில் 1.47 டன் பெரிய மீன் பிடிக்கலாம். அதை ஏன் ஒரு மூலையில் வைத்திருக்கிறீர்கள்? மாவட்டம் மாவட்டமாக அதைப் பயன்படுத்தச் சொல்லி, மாறுகிற மீனவருக்குக் கைகொடுங்கள். கிடைக்கும் பெரிய மீனில் முதல் பங்கை இகி போன்ற தூண்டில் துறைமுகங்களுக்குக் கொடுங்கள்.

இந்த மீனைப் பிடிக்கும் மற்ற நாடுகளுக்கும் இதில் பங்கு உண்டு. 2011 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ அருகே பிடித்த இளம் சூரைகளின் சதையில் ஃபுகுஷிமா அணு உலையிலிருந்து கசிந்த கதிரியக்கச் சீசியம் இருந்தது. ஜப்பான் கரையில் பிறந்து, பசிபிக்கையே கடந்து போன மீன்கள் அவை. அங்கே சில ஆண்டு வளர்ந்து, முட்டையிட இந்தப் பக்கமே திரும்பும். ஒரு கரையில் கொல்லும் குட்டி மறுகரைக்கு வராமல்போன மீன். கொரியாவும் தைவானும் மெக்சிகோவும் அமெரிக்காவும் இதைத் தங்கள் சொந்தக் கணக்காகவே பார்க்க வேண்டும்.

கணக்கு என்றதும் ஓமா நினைவுக்கு வருகிறது. அங்கே கணக்கில் காட்டாமல் மீன் கைமாறியது வெளியே வந்து, 2023-இல் வியாபாரிகள் கைதானார்கள். 2024-இல் சட்டத்தை இறுக்கினீர்கள், நல்லது. அந்த இறுக்கம் தனிப் படகுக்காரரிடம் மட்டும் நின்றுவிடாமல் பெரிய கப்பல்கள் இறக்கும் துறையிலும் இருக்கட்டும். கோடையில் சகாய்மினாட்டோவில் இறங்கும் மீன் எத்தனை, என்ன எடை, கிலோ என்ன விலைக்குப் போனது என்பதை அன்றன்றைக்கு எல்லாரும் படிக்கும்படி போடுங்கள்.

வடக்குக் குழு அடுத்து கூடும்போது கட்சுமோட்டோவிலிருந்து இரண்டு தூண்டில்காரர்களை அழைத்து மேசையில் உட்காரவையுங்கள். 2015-இல் ஏன் கோடையை விட்டார்கள், அதற்கப்புறம் அந்தக் கடலில் என்ன பார்த்தார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேளுங்கள். ஒதுக்கீட்டு எண்களை அதற்குப் பிறகு எழுதலாம்.

இப்படிக்கு,
நிஷி-கசாயில் வசிக்கும் ஒரு தூத்துக்குடிக்காரன்