எல்க் வேட்டைக்குக் கிளம்பும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

எல்க் வேட்டைக்கு வழிகாட்டியை வைத்துப் போவதா, பையைத் தூக்கிக்கொண்டு நாமே காடேறுவதா என்று கேட்டிருக்கிறாய். எல்லோரும் எல்க் மானை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதிலிருந்துதான் கணக்குப் போடுகிறார்கள். நீ சுட்ட பிறகு என்ன என்பதிலிருந்து போட்டுப் பார்.

வளர்ந்த ஆண் எல்க் சுமார் 300 கிலோ இருக்கும். தோலுரித்து எலும்பை நீக்கினாலும் 80, 90 கிலோ கறி தேறும். நடைக்கு 30 கிலோ என்றால் மூன்று சுமை. வண்டியிலிருந்து 5 கிலோமீட்டர் உள்ளே சுட்டிருந்தால், சுமையோடு மூன்று நடை, வெறும் பையோடு திரும்ப இரண்டு நடை, மொத்தம் 25 கிலோமீட்டர். அதுவும் 10,000 அடி உயரத்தில், டல்லாஸில் நாற்காலியில் உட்கார்ந்தே பழகிய உடம்போடு! செப்டம்பர் வெயிலில் கறியும் காத்திருக்காது. தோல் கனமானது, சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். தொடை எலும்பை ஒட்டிய இடம்தான் முதலில் கெடும். அதனால் உடனே தோலை நீக்கி, துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிட வேண்டும். கறியை வீணாக்கினால் கொலராடோவில் வழக்கே வரும்.

வயோமிங் போவதாக இருந்தால் உனக்கு யோசனையே வேண்டாம். அங்கே வில்டர்னஸ் என்று மத்திய அரசு ஒதுக்கிய காடுகளில், வெளிமாநிலத்துக்காரர் வழிகாட்டி இல்லாமல் எல்க் வேட்டையாட முடியாது. உள்ளூர்க்காரர் யாராவது அதற்கான இலவச அனுமதி வாங்கிக்கொண்டு கூட வந்தால் சரி. அதே காட்டில் நீ தனியாக மலையேறலாம், மீன் பிடிக்கலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். இதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது, பிழைப்பு எங்கே இருக்கிறது என்று நீயே யோசித்துக்கொள்.

என்னைக் கேட்டால், முதல் தடவைக்குக் கொலராடோவில் டிராப் கேம்ப், அதாவது கூடாரம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வழிகாட்டியோடு போனால் நாள் முழுக்க அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடப்பாய். காற்று எந்தப் பக்கம் என்று அவர்தான் பார்ப்பார், எங்கே உட்காருவது என்று அவர்தான் சொல்வார். கொம்பு மட்டும் போதும் என்பவர்களுக்கு அது சரி. நீ வரைபடத்தை விரித்தால் சாப்பாட்டை மறக்கிற ஆள். டிராப் கேம்ப்பில் குதிரையும் கோவேறு கழுதையும் உன்னையும் சாமானையும் மேலே கொண்டுபோய் விடும். கித்தான் கூடாரம், தகர அடுப்பு எல்லாம் அங்கே இருக்கும். வேட்டை உன் பாடு. சுட்டதும் சாட்டிலைட் மெசஞ்சரில் ஒரு செய்தி அனுப்பினால் கழுதை வரும். சுமை ஏற்றும்போது கவனித்துப் பார்: இரண்டு பக்கப் பைகளையும் தொங்கு தராசில் நிறுத்துச் சமமாக்கித்தான் கட்டுவார்கள். ஒரு பக்கம் கூடினால் பாதி வழியில் சேணம் சரிந்துவிடும்.

இதிலும் கோளாறு உண்டு. போன வாரம் வேறொரு கூட்டம் அதே கூடாரத்தில் தங்கி அதே சரிவை மிதித்திருக்கும், எல்க் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போயிருக்கும். அதனால் பணம் கட்டுவதற்கு முன் கேள்: ஒரு சீசனில் அந்த இடத்துக்கு எத்தனை கூட்டம்? செய்தி அனுப்பினால் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள்? கறி இறக்கும் கூலி தனியா? அப்புறம், அவர்களுக்கு மாநிலப் பதிவும், தேசிய வனத்தில் தொழில் செய்யும் பெர்மிட்டும் இருக்கின்றனவா? குதிரை வைத்திருக்கும் யாரோ ஒருவர் கையில் காசு வாங்கிக்கொண்டு உதவுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதே.

முழுக்க நாமேதான் போவோம் என்று உன் நண்பர்கள் அடம்பிடித்தால், சாலையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். கூட்டம் இருக்கும், வாய்ப்பு குறையும்தான். பொதுவாகவே கொலராடோவில் எல்க் வேட்டைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள்.

இன்னொன்று. நீ இன்னும் எச்-1பி விசாவில்தானே இருக்கிறாய்? அந்த விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய அரசுச் சட்டம் தடுக்கிறது; செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் கைக்கு வரும் முன் நண்பனின் ரைஃபிளைத் தொடாதே, பயிற்சிக்குக்கூட. வில் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

கொலராடோவில் வேட்டை உரிமம் தரும் குலுக்கலுக்கு விண்ணப்பிக்க ஏப்ரல் தொடக்கத்தில் கெடு முடிகிறது. அதற்குள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து அட்டையை வாங்கிவிடு, அது இல்லாமல் எல்க் சுடுவதற்கான உரிமச் சீட்டு (டேக்) கிடையாது.

அன்புடன்,
அண்ணன்