‘கருதப்படுகிறது’ என்ற சொல்லிலிருந்து என்னை மீட்டவர்களுக்கு

அன்புடையீர்,

சிவகங்கை மாவட்டத்தின் கண்மாய்ப் பாசன வழக்குச் சொற்களைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வுக்கான வாய்மொழித் தேர்வு சென்ற மாதம் நிறைவுற்றது. ஆய்வேட்டில் நன்றியுரைக்கு ஒரு பக்கமே ஒதுக்க முடிந்ததால், உங்கள் பெயர்களை எழுதியதோடு நிறுத்திக்கொண்டேன். நீங்கள் ஒவ்வொருவரும் என் எழுத்துக்கு என்ன செய்தீர்கள் என்பதை அங்கே சொல்ல இயலவில்லை. அந்தக் கடனை இம்மடலில் தீர்க்க முயல்கிறேன்.

வருவாய்த்துறை அலுவலகம் ஒன்றில் 22 ஆண்டுகள் கோப்பு எழுதிய பிறகு, பகுதிநேர ஆய்வாளராகப் படிப்புக்குத் திரும்பினேன். “மேற்படி பொருள் தொடர்பாக உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது” என்று எழுதிப் பழகிய கை அது. அலுவலகக் கடிதத்தில் பேசுவது அலுவலகமே என்பதால், செய்தவர் யார் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. அந்த நடையோடு, பழைய ஆய்வேடுகளில் பார்த்த ‘ஈண்டு’, ‘புலனாகிறது’, ‘நன்கு விளங்கும்’ போன்ற தொடர்களையும் சேர்த்துக்கொண்டால் ஆய்வுநடை வந்துவிடும் என்று நம்பினேன். முதல் இயலில் ஒரு வரியைக்கூட நான் எங்கிருந்தும் எடுத்தாளவில்லை. ஆயினும் என்னுடையது என்று சொல்லத்தக்க வரி ஒன்றும் அதில் இல்லை.

என் நெறியாளர் அம்மா அவர்கள் அந்த இயலைத் திருப்பித் தந்தபோது, ‘கருதப்படுகிறது’ என்று நான் எழுதிய இடங்களிலெல்லாம் பக்க ஓரத்தில் ‘யார்?’ என்ற ஒரு சொல்லை மட்டும் பென்சிலால் எழுதியிருந்தார்கள். பிறகு, இளங்கலையில் நான் மனப்பாடம் செய்து மறந்துவிட்ட நன்னூல் பாயிரத்தின் எழுவகை மதத்தை எடுத்துப் படிக்கச் சொன்னார்கள். மதம் என்றால் அங்கே கொள்கை என்று பொருள். பிறர் கருத்துக்கு உடன்படல், அதை மறுத்தல், முதலில் அதை மேற்கொண்டு பின்னர்க் களைதல், தானே ஒன்றை நாட்டித் தன் கருத்தை நிறுவுதல் என்று, முன்னோர் கூறியவற்றின் நடுவே ஒரு நூலாசிரியர் எங்கே நிற்கலாம் என்பதை அது வகுத்துச் சொல்கிறது. பதினெட்டு வயதில் தேர்வுக்கு உரிய நூற்பாவாக மட்டும் இருந்தது, நாற்பத்தாறு வயதில் நான் தேடிக்கொண்டிருந்த விடையாகத் தெரிந்தது. “என்று உரைப்பாரும் உளர்” எனப் பரிமேலழகர் பிறர் உரையைக் குறித்துவிட்டுத் தம் உரையில் நிற்கும் இடங்களையும் அம்மா எடுத்துக் காட்டினார்கள். ஆய்வுநடையை வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை என்ற துணிவு எனக்கு அன்றுதான் வந்தது.

ஞாயிறுதோறும் பிற்பகலில் என் பத்திகளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட இரண்டு இளம் ஆய்வாளர்களுக்கு, என் மகள் வயதுடைய அந்தத் தங்கைகளுக்கு, நான் பட்டிருக்கும் கடன் பெரிது. “கண்மாய்ச் சொற்கள் அழிந்து வருவதாகக் கருதப்படுகிறது” என்ற என் பழைய வரியை அவர்கள் விடவேயில்லை. “அக்கா, நீங்கள் எந்த ஊரில் யாரிடம் கேட்டீர்கள்?” என்று கேட்டுக்கேட்டு, அதை இவ்வாறு மாற்ற வைத்தார்கள்: “நான் சென்ற 11 ஊர்களில், குமிழியின் பகுதிகளை 60 வயதைக் கடந்தோர் மட்டுமே பெயர் சொல்லி விளக்கினர், இளையோர் அச்சொல்லை அறிந்திருந்தும் அதன் பகுதிகளைப் பிரித்துச் சொல்லவில்லை.” (குமிழி என்பது கண்மாயின் உள்ளே அமைந்து நீரை வெளியே விடும் மதகு.) ‘நான்’ என்று எழுதவே கூடாது என்று எண்ணியிருந்த எனக்கு, கேட்டதையும் கண்டதையும் சொல்ல அச்சொல் வரலாம், முடிவுகளைச் சொல்லும்போது சான்று முன்னே நிற்கட்டும் என்ற வேறுபாடு அந்தப் பிற்பகல்களில்தான் பிடிபட்டது.

தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பணியாளர்களுக்கும் நன்றி. எங்கள் மாவட்டத்துக் கோட்டையூரில் ஒருவர் தனியாகத் திரட்டிய நூல்களைக் கொண்டு 1994-இல் தொடங்கிய நூலகம் அது. பழைய பதிப்புகளின் முகவுரைகளை அங்கேதான் ஊன்றிப் படித்தேன். உ.வே.சாமிநாதையர் 1894-இல் வெளியிட்ட புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் இல்லை. அடுத்த பாடல்களுக்கு அந்த எண்களைக் கொடுத்து நிரப்பிவிடாமல் அவ்விடம் வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு, தகவல் கிடைக்காத இரண்டு ஊர்களை என் அட்டவணையிலிருந்து நீக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, ‘கிடைக்கவில்லை’ என்றே எழுதினேன்.

கண்மாய் நீரை வயல்களுக்குத் திறந்து பாய்ச்சும் நீர்க்கட்டியாக இருந்து ஓய்ந்த ஒரு பெரியவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. குமிழித் தூம்பில் நீரோடித் துளை எது, சேறோடித் துளை எது என்று கரையில் உட்கார்ந்து மண்ணில் வரைந்து காட்டியவர் அவர். அடுத்த ஊரிலும் இப்படித்தானா என்று கேட்டேன். “எங்க கம்மாயில இப்படி. பக்கத்து ஊருக் கம்மாயப் பத்தி நான் சொல்ல மாட்டேன் தாயி” என்றார். தாம் அறிந்ததன் எல்லையை அவ்வளவு தெளிவாக வகுத்துச் சொன்ன ஒரு வாக்கியத்தை, நான் படித்த எந்த ஆய்வேட்டிலும் கண்டதில்லை. என் முடிவுரையை எழுதிய நாட்களில் அந்தக் குரல்தான் என் காதில் இருந்தது.

கோப்புகளைப் பகிர்ந்துகொண்டு எனக்கு விடுப்பு வாங்கித் தந்த அலுவலகத் தோழியருக்கும், நள்ளிரவு வரை துணைநூற்பட்டியலைச் சரிபார்த்த என் கணவருக்கும் மகளுக்கும் என் அன்பு.

பெரியவர் தம்மைப் பற்றிய பக்கங்களைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிறன்று ஆய்வேட்டின் ஒரு படியுடன் அவர் ஊருக்குப் போகிறேன். தங்கைகள் இருவரும் உடன் வருகிறார்கள்.

நன்றியுடன்,
கண்மாய்ச் சொல் தேடி வந்த உங்கள் ஆய்வாளர்