கானாடுகாத்தான் சாலையில் உதவிய அண்ணனுக்கு

போன சனிக்கிழமை சாயங்காலம் கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில், காருக்குப் பின்னால், உள்ளேயே தங்கிக்கொள்ளும் சின்ன வெள்ளை டிரெய்லரோடு நின்ற குடும்பம் நாங்கள்தான். மொபெட்டை ஓரங்கட்டி வந்த அண்ணே, பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். உங்களுக்கோ, உங்களைத் தெரிந்தவர்களுக்கோ இது கண்ணில் படட்டும்.

பகல் முழுக்க ஓட்டியும் டிரெய்லர் பேட்டரி ஏறவில்லை. லைட் மங்கி, தண்ணீர் பம்பும் நின்றுவிட்டது. விசாரித்தவர்கள் எல்லோரும் “பேட்டரி போச்சு, புதுசு போடுங்க” என்றார்கள். நீங்கள்தான் மீட்டரை வைத்துப் பார்த்தீர்கள். 11.9 வோல்ட். முழுச் சார்ஜில் 12.6-க்கு மேல் நிற்க வேண்டியது. காரை ஸ்டார்ட் செய்யச் சொன்னீர்கள். கார் பேட்டரியில் 14.2, டிரெய்லர் பக்கம் அசைவே இல்லை. குனிந்து தேடியதில் எர்த் வயர் நுனியில் பச்சை பூத்திருந்தது! உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் 13.6.

“பிரிட்ஜை வண்டி ஓடும்போது மட்டும் பேட்டரியில போடுங்க, நின்னா கேஸுக்கு மாத்திடுங்க. லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்குக் கீழ இறக்குனா ஆயுசு குறைஞ்சிரும்ணே” என்று சொன்னதை இப்போது அப்படியே செய்கிறோம்.

அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-ல் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டிய காரைக்குடிப் பக்கம், பேட்டரி தெரிந்த ஆள் வழியில் கிடைக்காமலா போவார் என்கிறாள் என் மனைவி. பணம் நீட்டியதற்குத்தான் கோபித்துக்கொண்டீர்கள்.

உங்கள் 10-ம் நம்பர் ஸ்பேனர் எங்கள் டூல் பாக்ஸில் வந்துவிட்டது. எங்கே கொண்டுவந்து தரட்டும், சொல்லுங்கண்ணே.