எங்கள் கொடிக்கு வழிகாட்டியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள உங்கள் எல்லாருக்கும்,

காட்டில் நாம் தேடித் திரிந்த புது இனக் கொடியைப் பற்றிய கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. இன்னும் சில வாரங்களில் ஒரு தாவர வகைப்பாட்டு இதழில் வெளியாகிவிடும். தலைப்புக்குக் கீழே எங்கள் மூன்று பேரின் பெயர் இருக்கும். கடைசிப் பக்கத்தில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் ஒரு நன்றிக் குறிப்பு வரும். அதற்கு இதழ்காரர்கள் கொடுக்கும் இடம் நாலைந்து வரிதான். உங்களில் பலர் அந்தப் பக்கத்தைப் பார்க்கப்போவதே இல்லை. ஆனால் கொடியை முதலில் கண்டவர்களும் அது எப்போது பூக்கும் என்று சொன்னவர்களும் நீங்கள்தான். எங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விட்டவர்களும் நீங்கள்தான். அதனால் இதைத் தமிழில், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கொடியின் பெயரை இங்கே சொல்லவில்லை. ஒரு புதுச் செடியின் பெயர் முறைப்படி செல்லுபடியாவது, அதன் விவரிப்போடும் வகைமாதிரியை, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாகப் பாதுகாக்கும் செடி மாதிரியை, பற்றிய தகவலோடும் அச்சிலோ மின்னிதழிலோ வெளிவரும்போதுதான். அதற்கு முன்பே பெயர் மட்டும் வெளியில் உலவினால் பிற்பாடு குழப்பம்தான் மிஞ்சும். உங்கள் பெயர்களையும் எழுதவில்லை, அதற்குக் காரணம் வேறு. இந்த வகைக் கொடிகளின் கிழங்குக்காக அலைகிற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பெயர் தெரிந்தால் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து "இடத்தைக் காட்டு" என்று நிற்பார்கள். பொதிகை மலைத் தொடரில் ஓரிடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கட்டுரையிலும் சரியான இடக்குறிப்பைக் கொடுக்கவில்லை.

மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காக: இது செரோபீஜியா என்ற பேரினத்தைச் சேர்ந்த கொடி. நம் எருக்கும் நன்னாரியும் இருக்கிற அதே குடும்பம். கோடையில் தரைக்கு மேலே ஒன்றுமே இருக்காது, மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உயிரோடு கிடக்கும். மழை விழுந்ததும் மெல்லிய தண்டு கிளம்பி, பக்கத்துப் புல்லையோ புதரையோ சுற்றிக்கொண்டு ஏறும். பூக்காதவரை இந்தப் பேரினத்தில் ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்தறிவது பெரும்பாடு. இந்தியாவில் உள்ள செரோபீஜியா இனங்களில் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் வளர்கின்றன. அவற்றிலும் பல, உலகில் வேறெங்கும் இல்லாதவை.

பூவைப் பற்றிப் பேசாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. அடியில் ஒரு சின்னக் குமிழ், அதற்கு மேல் குறுகிய குழல், குழலின் வாயில் ஐந்து மடல்கள். மடல்களின் நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டி மேலே ஒரு கூண்டாகின்றன. வாசனைக்கு மயங்கி வரும் சிற்றீக்கள் கூண்டின் இடைவெளி வழியாக நுழைந்து குழலுக்குள் வழுக்கி விழும். உள்ளே ரோமங்கள் எல்லாம் கீழ்நோக்கி இருப்பதால் ஏறி வர முடியாது. குமிழுக்குள் அலைகிற ஈயின் வாயுறுப்பில் மகரந்தப் பொதி ஒன்று கிளிப் போட்டதுபோல மாட்டிக்கொள்ளும். பிறகு ரோமங்கள் வாடும், வழி திறக்கும், ஈ வெளியேறி அடுத்த பூவுக்குப் பொதியைச் சுமந்துபோகும். பூ ஈயைக் கொல்வதில்லை, கொஞ்ச நேரம் பிடித்துவைத்திருந்து அனுப்பிவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில் வளரும் சாண்டர்சோனி என்ற இனம், தாக்கப்பட்ட தேனீயின் வாசனையையே செய்து காட்டி, அப்படிப்பட்ட தேனீக்களிடம் உணவு தேடும் ஈக்களை வரவழைக்கிறது என்று 2016-இல் கண்டறிந்தார்கள். இவ்வளவும் நடப்பது விரல் நீளம்கூட இல்லாத ஒரு பூவுக்குள்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதல் நன்றி காணிக்காரப் பழங்குடியினர் குடியிருப்பின் பெரியவருக்கு. ஐயா, நாங்கள் அந்தச் சரிவில் ஏற்கெனவே தெரிந்த ஓர் இனத்தைத்தான் தேடி வந்தோம். "இதில ரெண்டு சாதி உண்டு, நீங்க கேக்கறது இது, இன்னொண்ணு பாறைக்கு அந்தப்புறம் இருக்கு, அது பிந்திப் பூக்கும்" என்று நீங்கள் போகிற போக்கில் சொன்னீர்கள். இலையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னீர்கள். ஒன்று வழவழப்பு, மற்றது சொரசொரப்பு. நுண்ணோக்கியில் நாங்கள் பிற்பாடு அளந்து எழுதிய ரோம வேறுபாடு அதுவேதான். வகைப்பாட்டு வேலையில் ஆகக் கடினமான பகுதி, இரண்டும் வேறு என்று முதலில் கண்டுகொள்வது. அதை நாங்கள் வருவதற்கு முன்பே நீங்கள் செய்து முடித்திருந்தீர்கள்.

இந்த மலையில் இப்படி நடப்பது புதிதும் இல்லை. 1987-இல் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை விஞ்ஞானிகளுக்குக் காட்டிக் கொடுத்தவர்கள் காணிக்காரர்கள். அதையும் தாண்டிப் பழைய கதை உண்டு. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் செரோபீஜியா கேண்டெலாப்ரம் என்று ஒரு கொடிக்குப் பெயர் வைத்தபோது ஆதாரமாகக் காட்டியது, மலபாரின் டச்சு ஆளுநராக இருந்த ரீட் தொகுத்த மலபார் தாவர நூலில் இருந்த படத்தை. லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. அந்த நூலுக்காக மலபாரின் செடிகளையும் அவற்றின் குணங்களையும் எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற வைத்தியர். இந்தப் பேரினத்தின் கதையே இன்னொருவர் பார்த்துச் சொன்னதிலிருந்துதான் தொடங்குகிறது.

கொடிக்கு உங்கள் வீடுகளில் இருக்கும் பயன் ஒன்றை அக்கா ஒருவர் எங்களிடம் சொன்னார். அதை எழுத வேண்டாம் என்று குடியிருப்பில் கூடிப் பேசி முடிவெடுத்தீர்கள். அதைக் கட்டுரையில் எழுதவில்லை, எங்கள் கோப்புகளிலும் எங்கேயும் குறித்து வைக்கவில்லை. எங்களை நம்பிச் சொன்னதற்கு அக்காவுக்குத் தனியாக நன்றி.

வேட்டைத் தடுப்புக் காவலர் தம்பிகள் இரண்டு பேருக்கும் என்ன சொல்வது? புலிகள் காப்பகத்துக்குள் அனுமதிக் கடிதம் கையில் இருந்தால் மட்டும் போதாது. யானை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, ஆற்றில் எந்நேரம் தண்ணீர் ஏறும், எந்தப் பாறை வழுக்கும் என்பதெல்லாம் கடிதத்தில் இருக்காது. நாங்கள் பாறையோரம் குப்புறப் படுத்துப் பூவைப் படமெடுத்த நேரமெல்லாம் நீங்கள் நின்றுகொண்டே சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு மழை நாளில் உங்கள் சாப்பாட்டையே எங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தீர்கள். தற்காலிகப் பணியில், கொஞ்சச் சம்பளத்தில், குடும்பத்தை அடிவாரத்தில் விட்டுவிட்டுக் காவல் முகாமில் கிடக்கிற உங்களைப் போன்றவர்களால்தான் இந்தக் காடு காடாக இருக்கிறது. உங்கள் பணி நிரந்தரமாக வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். இதைப் படிக்கிறவர்களில் அதிகாரம் உள்ளவர் யாராவது இருந்தால் அவர்களும் கேட்கட்டும்.

கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தில் பணியாற்றும் நண்பர்களுக்கும் நன்றி. இரும்பு அலமாரிகளுக்கு நடுவே, நூறு வருடத்துக்கும் மேல் பழைய தாள்களை நாங்கள் பொறுமையாகப் புரட்ட விட்டீர்கள். ஒரு கொடி புதியது என்று சொல்ல, ஏற்கெனவே பெயர் பெற்ற எதுவும் அது இல்லை என்று காட்டியாக வேண்டும். அந்த வேலை மலையில் நடப்பதில்லை, இந்த அலமாரிகளில்தான் நடக்கிறது. செரோபீஜியா பூ காய்ந்து தாளில் தட்டையாகிவிட்டால் உள்ளே நடுவில் இருக்கும் மகுடம் என்ற உறுப்பின் வடிவம் கெட்டுவிடும், இனத்தை அடையாளம் காட்டுவதோ அந்த மகுடம்தான். அதனால் பூக்களை எரிசாராயக் குப்பியில் போட்டு வைத்தோம். அதற்கான குப்பிகளையும் சரியான கலவையையும் கொடுத்தவர்கள் நீங்கள். எங்கள் வகைமாதிரி இப்போது உங்கள் பொறுப்பில் இருக்கிறது. கொடிகள் மிகக் குறைவாக இருந்ததால் கிழங்கைத் தோண்டவில்லை, பூவும் காயும் உள்ள தண்டுத் துண்டுகளை மட்டும் எடுத்தோம். அது போதும் என்று சொல்லி, எங்களோடு உறுதியாக நின்றதற்கும் நன்றி.

படம் வரைந்து கொடுத்த ஓவிய ஆசிரியைக்கு என் நன்றி கொஞ்சம் கூடுதலானது. நல்ல கேமராக்கள் வந்துவிட்ட பிறகும் வகைப்பாட்டில் கோட்டோவியத்துக்கு ஈடு இல்லை. ஒளிப்படம் ஒரு பூவைக் காட்டும், ஓவியமோ இனத்தின் இயல்பைக் காட்டும். எது முக்கியமோ அது தெளியும், நிழலும் பளபளப்பும் விலகும். அறுத்து வைத்த பூவை நுண்ணோக்கியில் பார்த்து, மகுடத்தின் மடல் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப வரைந்தீர்கள், டீச்சர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் தென்னிந்தியச் செடிகளைப் படங்களோடு நூல் நூலாக வெளியிட்டார். அந்தப் படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார். அந்த மரபில் வைத்துத்தான் உங்கள் படத்தை நான் பார்க்கிறேன். படத்தின் ஓரத்தில் உங்கள் கையெழுத்து அப்படியே அச்சாக வேண்டும் என்று இதழிடம் கேட்டு வாங்கிவிட்டோம்.

கட்டுரையைச் சரிபார்த்த, முகம் தெரியாத இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கும் நன்றி. அதில் ஒருவர், "நெருங்கிய இனத்தின் புதுப் பூவை அறுத்து ஒப்பிடாமல் இதை ஏற்க முடியாது" என்று எழுதினார். அதற்காக அடுத்த மழைக்காலம்வரை காத்திருந்தோம். ஒப்பிட்ட பிறகு கட்டுரை முன்பைவிடப் பல மடங்கு உறுதியானது. 2012 முதல் புதுச் செடியின் விவரிப்பை லத்தீனில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, ஆங்கிலமும் போதும். இருந்தும் லத்தீன் பெயரின் ஈற்றைப் பிழை இல்லாமல் அமைக்க உதவிய பழைய பேராசிரியருக்கு வணக்கங்கள்.

அப்புறம், ரேஞ்சர் ஐயாவுக்கு. பாதையோரப் புதர் வெட்டும் வேலையை அந்த ஒரு சரிவில் மட்டும் பூத்துக் காய்த்து முடியும்வரை தள்ளிவைக்கச் சொன்னீர்கள். எங்கள் கோரிக்கையைக் கேட்ட அன்றே அதைச் செய்தீர்கள். எருக்கங்காயைப் போலவே இந்தக் கொடியின் காயும் வெடித்துப் பஞ்சு ஒட்டிய விதைகள் காற்றில் போகும். அந்த வருடம் காய்கள் முற்றி வெடிப்பதை நாங்கள் பார்க்க முடிந்தது உங்களால்தான்.

கட்டுரை வந்ததும் படங்களோடு ஒரு தமிழ்ச் சுருக்கம் அச்சடித்து, குடியிருப்புப் பள்ளிக்கும் சரக அலுவலகத்துக்கும் காவல் முகாமுக்கும் நேரில் கொண்டுவருகிறோம். பெயரையும் அதை ஏன் வைத்தோம் என்பதையும் உங்களிடம் அப்போது சொல்கிறோம். அதற்குள் யாராவது கிழங்கு கேட்டு வந்தால் தயவுசெய்து சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
கட்டுரை எழுதிய மூவரில் ஒருவர்