‘மற்றவை’ கட்டத்திலிருந்து ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் ‘தமிழகத்தைக் கட்டிப்போட்ட பத்துக் குரல்கள்’ என்று இரண்டு பக்கத்துக்கு வந்த கட்டுரையைக் காலையில் ஒரு தடவையும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவையும் படித்தேன். படங்கள் பிரமாதம். பத்துப் பேரும் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழகாகச் சிரிக்கிறார்கள். கடைசிப் பத்தியில் ஒரு வரி வருகிறது: “கோடை பண்பலை போன்ற அரசு வானொலிகள் இன்று பழைய தலைமுறையின் நினைவில் மட்டுமே ஒலிப்பவை.”

அந்த வரியைப் படிக்கும்போது என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கும் ரேடியோப் பெட்டியில், கொடைக்கானலிலிருந்து வரும் அதே கோடை பண்பலைதான் ஓடிக்கொண்டிருந்தது. நினைவில் ஒலிப்பதற்கு நான் ஏன் கரண்ட் பில் கட்டுகிறேன் என்று தெரியவில்லை.

எனக்கு 63 வயது. சிவகாசியில் சின்னதாக ஒரு பைண்டிங் கடை. நோட்டு, டைரி, தினசரி காலண்டர். கட்டுரையாளர் என்னைப் பழைய தலைமுறை என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் கடையில் பாரம் (அச்சான பெரிய தாள்) மடிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர்களை எந்தத் தலைமுறையில் சேர்ப்பது?

பத்துப் பேரையும் எப்படி வரிசைப்படுத்தினார்கள் என்று தேடிப் பார்த்தேன். இன்ஸ்டாகிராமில் யாருக்கு எத்தனை பேர் பின்தொடர்கிறார்களோ அந்த வரிசையாம். இது பந்தியில் உட்காராமலேயே சமையல்காரரின் ஜரிகை வேட்டியைப் பார்த்து மார்க் போடுகிற வேலை. பட்டியலில் மூன்று பேர் வானொலியை விட்டுச் சினிமாவுக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. போனதை நான் குறை சொல்லவில்லை. ஆர்.ஜே. பாலாஜியும் மிர்ச்சி சிவாவும் மைக்கிலிருந்து திரைக்குப் போய் நன்றாக வந்தவர்கள், சந்தோஷம். ஆனால் கடையை மூடிவிட்டுப் போனவரை ‘இன்று வியாபாரத்தில் முதலிடம்’ என்று எந்த ஊரில் எழுதுவார்கள்?

கேட்கிறவர்களை எப்படி எண்ணுகிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 2007ல் ‘ராம்’ என்று வானொலிக்கு ஒரு கணக்கெடுப்பு தொடங்கினார்கள். ஊருக்கு 480 பேரைப் பிடித்து, ஆளுக்கு ஒரு டைரி கொடுத்து, கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டமாக எந்த நிலையம் கேட்டீர்கள் என்று அவர்களையே நிரப்பச் சொல்வது. மும்பைக்கு 480, டெல்லிக்கு 480. எடுத்த ஊர்கள் மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா. சென்னை அதில் கிடையாது. மதுரையைப் பற்றிப் பேச்சே இல்லை. 2016ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இந்தக் கணக்கெடுப்பைப் பற்றி எல்லோரிடமும் கருத்துக்கூடக் கேட்டது. ஆனால் மதுரையில் எந்த ரோட்டில் போனாலும் ‘நாங்களே நம்பர் ஒன்’ என்று ஒரு தனியார் பண்பலையின் பலகை நிற்கிறது. அடுத்த சிக்னலில் இன்னொன்று, அதுவும் நம்பர் ஒன். மூன்றாவதும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது இடத்தில் யாருமே இல்லாத போட்டியை எங்கள் பக்கத்தில்தான் பார்க்கலாம்.

இதில் எனக்கு இன்னொரு எரிச்சல். நாட்டுக்கே டைரி போட்டுக் கொடுக்கிற ஊர் எங்களுடையது. ஒரு வானொலி டைரி இந்தப் பக்கம் வந்ததில்லை.

வரவே இல்லை என்று சொல்வதும் தப்பு. நாலைந்து வருடம் முன்பு, கார்த்திகை மாதம், காலண்டர் வேலை தலைக்கு மேல் கிடக்கும் நேரத்தில், ஒரு தம்பி கையில் டேப்லெட்டோடு கடைக்கு வந்தார். எந்தக் கம்பெனி என்று சொல்ல வேண்டாம், பாவம், தினச் சம்பளக்காரர். “கடந்த ஏழு நாளில் எந்த ரேடியோ கேட்டீங்க சார்?” என்றார். கோடை பண்பலை என்றேன். விரலால் மேலே கீழே தள்ளிப் பார்த்தார். “அது லிஸ்ட்ல இல்ல சார். வேற ஏதாவது சொல்லுங்களேன்.” வேறு கேட்பதில்லை தம்பி என்றேன். “அப்ப மற்றவைல போட்டுடறேன்” என்று ஒரு தட்டு தட்டினார். உள்ளே பன்னிரண்டு பேர் அதே பெட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. முதலாளியைக் கேட்டால் போதுமாம்.

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். பண்பலை கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான் போகும் என்பார்கள், அதனால்தான் மலை உச்சியில் நட்ட கோபுரம் தேனி, திண்டுக்கல், மதுரை, விருதுநகர் என்று கீழே உள்ள ஊர்களுக்கெல்லாம் கேட்கிறது. தீப்பெட்டி ஆபீஸ், தறிக்கூடம், டீக்கடை, பருத்திக்காடு. கை வேலையில் இருக்கிறவர்கள் அதிகம் கேட்கிற வானொலி அது. கை வேலையில் இருப்பவர் போனை எடுத்து இதயக்குறி போட முடியாது. பசைக் கையோடு போனைத் தொட்டால் நானே திட்டுவேன்.

என் கடையில் கட்டிங் மெஷின் ஓடினால் பெட்டி கேட்காது. நேயர் கடிதம் வாசிக்கிற நேரம் வந்தால் உள்ளேயிருந்து சத்தம் வரும்: “அண்ணாச்சி, மெஷின நிப்பாட்டுங்க!” ரூபாய் கணக்கில் பார்த்தால் எனக்கு நஷ்டம்தான். நிறுத்துவேன். பாரம் மடிக்கிற ஒரு பெண் வாரம் தவறாமல் 50 காசுக் கார்டில் எழுதிப் போடுவாள். அவள் பெயரும் ஊர்ப் பெயரும் வாசிக்கப்படும்போது மற்றவர்கள் கையிலிருக்கிற தாளை அப்படியே வைத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள், அவள் குனிந்துகொண்டு இன்னும் வேகமாக மடிப்பாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குச் சாத்தூர் போனவள் மூன்று மாதம் எழுதவில்லை. ஒருநாள் கடிதம் வாசிக்கிற அறிவிப்பாளர், சிவகாசித் தங்கையிடமிருந்து கடிதமே காணோமே, நலமா என்று கேட்டுவிட்டு அடுத்த பாட்டைப் போட்டார். கடையில் ஒரே கூச்சல். அன்றைக்குச் சாயங்காலமே இரண்டு பேர் சாத்தூர் பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். அந்த அறிவிப்பாளருக்கு இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அவர் அதில் இருக்கிறாரா என்பதே தெரியாது.

நேயர் எண்ணிக்கை அலட்சியம் நேற்று வந்ததில்லை. 1952ல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு ஜனங்களைக் கெடுக்கிறது என்பது அவர் வாதம், அரசு வானொலியில் அதைக் குறைத்துவிட்டார். ஜனங்கள் மறுப்பு எதுவும் எழுதவில்லை, பெட்டியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957ல் விவித பாரதி என்று அரசே ஒரு பாட்டுச் சேவை தொடங்கியதே போனவர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளத்தான். நான் பள்ளிக்கூடம் போன நாளிலும் எங்கள் தெருவில் இலங்கைதான். மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது, கே.எஸ். ராஜா என்று அறிவிப்பாளர்கள். நால்வரில் ஒருவர் முகமும் எங்களுக்குத் தெரியாது. ராஜா மூச்சு விடாமல் பேசுகிற வேகத்தை என் அண்ணன் அப்படியே பேசிக் காட்டுவான், அதற்காகவே அவனைக் கல்யாண வீட்டில் மைக் செட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். அப்போது ரேடியோ வைத்திருந்தால் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டி ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். எத்தனை பெட்டி இருக்கிறது என்ற கணக்காவது சர்க்காரிடம் இருந்தது.

தென்கச்சி கோ. சுவாமிநாதன் பட்டியலில் இல்லாததைப் பற்றி நான் பேசக்கூடாது என்றுதான் நினைத்தேன். மறைந்தவர்களைச் சேர்க்கவில்லை என்று தாங்கள் சொல்லலாம். வானொலியை விட்டுப் போனவர்கள் மட்டும் வரலாமாக்கும். திருநெல்வேலி நிலையத்தில் விவசாய நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தவர் அவர். சென்னைக்குப் போய் ‘இன்று ஒரு தகவல்’ சொன்னார். பாட்டு இல்லை, பரிசு இல்லை, போன் போட்டு யாரையும் ஏமாற்றிச் சிரிக்கிற வேலையும் இல்லை. தூங்கி எழுந்தவர் மாதிரி நிதானமாகப் பேசுவார். என் அப்பா சவரம் செய்யும்போது அவர் குரல் வந்தால் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார், கதை முடிந்து சிரித்த பிறகுதான் கன்னத்தில் வைப்பார். சிரித்துக்கொண்டே வைத்து வெட்டிக்கொண்ட நாளும் உண்டு. 2009ல் அவர் காலமான செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் அன்றைக்குக் காலையில் யாரும் ரேடியோ போடவில்லை.

தனியார் பண்பலைகள் மேல் எனக்குப் பகை கிடையாது. சொந்தமாகச் செய்தி சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை, அதனால் பேசுவதற்குச் சினிமாவும் காதலும்தான் மிச்சம், புரிகிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் காதல் தோல்விக்கு ஆறுதல் சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது. ஆனால் என் கடைப் பிள்ளை ஒருத்தி ஒரு போட்டிக்கு 40 தடவை அடித்து லைன் கிடைத்து, சரியான பதிலும் சொல்லி, எந்த ஏரியா என்று கேட்டதற்குச் சிவகாசி என்றதும், “நீங்க நம்ம சிட்டில இல்லையே டியர்” என்று வைத்துவிட்டார்கள். நிலையத்தின் பெயர் வேண்டாம். விளம்பரப் பலகை மட்டும் எங்கள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்திருக்கிறது. மலேசியாவில் இருக்கும் என் தங்கை மகள் சொல்கிறாள், அங்கே ராகா என்ற தமிழ் வானொலிக்கு வாரத்துக்கு எத்தனை பேர் என்று முறையாகக் கணக்கெடுத்து வெளியிடுகிறார்களாம். தமிழ் சிறுபான்மையாக இருக்கிற ஊரில் தமிழ் நேயருக்கு எண் இருக்கிறது. இங்கே எங்களுக்கு ‘மற்றவை’.

தங்கள் நாளிதழையும் விட்டுவிட மனமில்லை. முன்பெல்லாம் உள்பக்கத்தில், வரி விளம்பரங்களுக்குப் பக்கத்தில், வானொலி நிகழ்ச்சி நிரல் சின்ன எழுத்தில் வரும். என் அம்மா அதைக் கத்தரித்துப் பெட்டி மேலேயே ஒட்டி வைப்பார். அதை எடுத்துவிட்டு டிவி நிகழ்ச்சிகள் போட்டீர்கள். பிறகு அதையும் எடுத்துவிட்டு ராசிபலனைப் பெரிதாக்கினீர்கள். நிரலை நிறுத்தியபோது நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் வெளியிடவில்லை. இடப் பற்றாக்குறை இருந்திருக்கும். சிரிக்கிற பத்துப் படத்துக்கு இரண்டு பக்கம் கிடைத்ததைப் பார்த்ததும் அது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

நிரலைத் திரும்பப் போடுங்கள் என்று கேட்கப்போவதில்லை. பட்டியலை மாற்றவும் வேண்டாம். அதே கட்டுரையில் கோடை பண்பலையின் அலைவரிசை 105 என்று அச்சாகியிருக்கிறது. அது 100.5. ஞாயிற்றுக்கிழமை படித்துவிட்டு யாராவது ஒருவர் ஆசைப்பட்டுத் திருப்பிப் பார்த்திருந்தால் இரைச்சல்தான் கேட்டிருக்கும். அடுத்த இணைப்பில் ஒரே ஒரு வரி, திருத்தம் என்று போட்டால் போதும். புள்ளியை விட்டுவிடாமல் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பைண்டிங் கடைக்காரன்,
சிவகாசி.

(பெயர் போட வேண்டாம். தங்கள் நிறுவனத்தின் தினசரி காலண்டர் எங்கள் தெருவில்தான் பைண்டிங் ஆகிறது.)